பழைய கிட்டாரின் தேய்ந்த பூச்சு: ஒரு பாலிஷ்காரனின் குறிப்புகள்

பழைய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாசலில் நின்றபடியே சொல்வது இதுதான்: "அண்ணே, புதுசு மாதிரி ஆக்கித் தாங்க." அப்படிக் கேட்டால் நான் முதலில் கிட்டாரை வாங்கி வைத்துவிட்டு, ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்து உட்கார வைப்பேன். ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவது அவர்களுக்குப் பிடிக்காது.

திரீவீலருக்குப் பெயிண்ட் அடிக்கிற கராஜில் கொடுத்து, இருந்த பூச்சை எல்லாம் சுரண்டி, காருக்கு அடிக்கும் நிறமில்லாத கிளியர் பூச்சைக் கனமாக அடித்து வாங்கிய கிட்டார்கள் எங்கள் இலங்கை மலைநாட்டு ஹட்டன் பக்கம் நிறைய உண்டு. கண்ணாடி மாதிரி மின்னும். வாசித்தால் போர்வைக்குள் இருந்து கத்துவது போல இருக்கும். கிட்டாரின் முகப்பலகை மூன்று மில்லிமீற்றருக்குள் அடங்கிய மெல்லிய பலகை. அது துடித்தால்தான் சத்தம். நல்ல கிட்டாரில் அதன் மேல் இருக்கும் பூச்சு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தாலே அதிகம். பூச்சு இருப்பது வியர்வையும் ஈரமும் அழுக்கும் மரத்துக்குள் போகாமல் தடுக்க. தேய்ந்த இடத்தில் அந்த வேலையைத் திரும்ப ஒப்படைத்தால் போதும். பளபளப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் மார்ட்டின் என்-20 கிட்டாரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நைலோன் கம்பிக் கிட்டார்; கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக் பலகையில் உரசாமல் காக்கும் பிக்கார்ட் கிடையாது. பிக் பட்டுப் பட்டு முகப்பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. 1969 முதல் அந்த மனிதர் அதைத்தான் வாசிக்கிறார். உங்கள் கிட்டாரில் ஓட்டை விழ விடச் சொல்லவில்லை. தேய்மானத்தைப் பார்த்துப் பதறாதீர்கள் என்று சொல்ல வந்தேன்.

என் தொழில் மரத் தளபாடத்துக்கு பாலிஷ் போடுவது. அப்பா தோட்டத்து பங்களாக்களில் மேசை, கதிரை, அலுமாரிகளுக்கு ஸ்பிரிட் பாலிஷ் போட்டவர். அவரிடம் பஞ்சு பிடிக்கப் பழகினேன். கிறிஸ்மஸ் கேரல் குழுவில் வாசிக்கப் போய், குழுவின் கிட்டார்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன. அதனால் கிட்டாரை உள்ளே பிரித்துச் செய்யும் வேலை எனக்குத் தெரியாது. மேலே இருக்கிற பூச்சு தெரியும்.

முதலில் என்ன பூச்சு என்று கண்டுபிடியுங்கள். அது தெரியாமல் எந்தப் போத்தலையும் திறக்க வேண்டாம். கிட்டாருக்கு வரும் பூச்சு பெரும்பாலும் மூன்று வகை. பழைய ஸ்பானியக் கிளாசிக்கல் கிட்டார்களில் அரக்கு பாலிஷ், அதாவது ஷெலாக். 1920களில் இருந்து அமெரிக்கக் கிட்டார்களில் நைட்ரோசெலுலோஸ் லாக்கர். மார்ட்டின், கிப்சன் எல்லாம் இதுதான். பிறகு ஜப்பான், கொரியா, இந்தோனேசியா கிட்டார்களில் பொலியூரித்தேனும் பொலியெஸ்டரும்; இரண்டையும் சேர்த்துப் பொலி என்போம். நம் மலைநாட்டில் கைக்குக் கை மாறி வரும் பழைய கிட்டார்களில் அதிகம் இந்தக் கடைசி வகைதான்.

கண்ணாலேயே பாதி தெரியும். பூச்சு தடிப்பாக, கண்ணாடி போல இருந்து, அடிபட்ட இடத்தில் கூரான விளிம்போடு சில்லாகப் பெயர்ந்திருந்தால் பொலி. தேன் நிறத்துக்கு மஞ்சளித்து, குறுக்கே மயிரிழை போலக் கோடு கோடாக வெடித்திருந்தால் நைட்ரோ. மிக மெல்லியதாக, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்து தேய்ந்திருந்தால் அரக்கு.

சந்தேகம் இருந்தால் பட்டி மாட்டும் பட்டனைக் கழற்றி, அதன் அடியில் மறைந்திருக்கும் இடத்தில் பாருங்கள். காதுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு அங்கே வைத்து எடுங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அரக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் வேறு குச்சியில் லாக்கர் தின்னர் ஒரு பொட்டு. அதற்கு இளகினால் நைட்ரோ. இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் பொலி. முகப்பலகையில் வைத்து இதைச் செய்து பார்க்கிறவர்களை நான் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

அடுத்தது அழுக்கு எடுப்பது. கொழும்பில் கிட்டாருக்கு வருவது வியர்வையும் தூசியும். இங்கே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் சுவரில் மாட்டிய கிட்டாருக்கு விறகு அடுப்புப் புகை. வருஷக்கணக்கில் படிந்து, வியர்வை எண்ணெயோடு சேர்ந்து, பழுப்பு நிறத் தோலாகவே ஆகிவிடும். பூச்சு போய்விட்டது என்று கொண்டுவந்த கிட்டாரைத் துடைத்ததும் கீழே பூச்சு முழுசாக இருந்ததும் உண்டு.

காய்ந்த துணியால் உடனே தேய்க்கக் கூடாது. கரித்தூளும் மண்ணும் சேர்ந்து கீறும். பெயிண்ட் அடிக்கும் மென்மையான தூரிகையால் முதலில் தட்டி விடுங்கள். கம்பிகளுக்குக் கீழே, கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜைச் சுற்றி, எல்லா இடுக்கிலும். பிறகு பழைய வெள்ளை பெனியன் துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டும் வராத அளவுக்குப் பிழிந்து, உள்ளங்கை அளவு இடமாகத் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். வெறும் மரம் தெரிகிற இடத்துக்கும், கோடு வெடித்த நைட்ரோவுக்கும் இந்த ஈரத்துணியும் வேண்டாம்.

அப்பா விரலில் துணியைச் சுற்றி எச்சில் தொட்டுத் துடைப்பார். எனக்கு அருவருப்பாக இருக்கும். பிறகு பார்த்தால், பழம்பொருட்களைச் சுத்தம் செய்கிறவர்களும் அதைத்தான் செய்கிறார்களாம். எச்சில் எவ்வளவு நல்ல துப்புரவுத் திரவம் என்று அளந்து பார்த்த போர்த்துக்கல் ஆய்வாளர்களுக்கு 2018 இல் இக் நோபல் கொடுத்தார்கள், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் விருது அது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்சைம்தான் வேலை செய்கிறது. ஊர்க் கிட்டாருக்கு நீங்கள் எச்சில் தொட வேண்டாம்; தண்ணீருக்குப் போகாத பிசுக்குக்கு லைட்டருக்கு ஊற்றும் ஃபுளூயிட் போதும். அது நாப்தா. மூன்று வகைப் பூச்சையும் கரைக்காது, எண்ணெயையும் ஸ்டிக்கர் பசையையும் மட்டும் எடுக்கும். கொஞ்சமாகத் துணியில் தொட்டு, ஜன்னல் திறந்து வைத்து, அடுப்பும் சாமி விளக்கும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கேஸ் லைட்டருக்கு அடைக்கும் கேஸைக் கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள், அது வேறு. மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும்.

நுவரெலியா பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு போத்தல் யூக்கலிப்டஸ் தைலம் இருக்கும். ஸ்டிக்கர் பசைக்கு அதுவும் நல்லதுதான். ஆனால் அரக்கையும் நைட்ரோவையும் இளக வைத்துவிடும். தடிமனுக்குத் தைலம் தேய்த்த கையோடு கிட்டாரைத் தொடுவதும் அதே கேடு. அட்டைக் கடிக்கும் நுளம்புக்கும் பூசும் மருந்தில் டீட் (DEET) என்ற இரசாயனம் இருந்தால் இன்னும் மோசம். பிளாஸ்டிக்கையே உருக்கும் சாமான் அது. பூசிய முழங்கை கிட்டாரின் விளிம்பில் பட்ட இடம் பிசின் போலாகிவிடும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள், நீளக்கை சட்டை போடுங்கள்.

தளபாடத்துக்கு அடிக்கும் ஸ்பிரே, கார் மெழுகு இரண்டையும் தூர வையுங்கள். பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. வெடிப்பு வழியாக அது மரத்துக்குள் போனால் பிறகு எந்தப் பூச்சும் அந்த இடத்தில் நிற்காது. மீன் கண் போல வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

துடைத்து முடித்தபின் கிட்டாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கல், கீறல், மயிரிழை வெடிப்பு, நிறம் மாறியது, இவையெல்லாம் அப்படியே இருக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வெறும் மரத்தை மட்டும். சவுண்ட் ஹோலுக்குக் கீழே பிக் உரசும் இடம், வலது முழங்கை அழுத்தும் விளிம்பு, கழுத்தின் பின்னால் பெருவிரல் ஓடும் இடம். அங்கே பூச்சு போயிருந்தால் மரம் வியர்வை குடிக்கும்; முகப்பலகையின் ஸ்புரூஸ் மரம் சாம்பல் நிறமாகும். அந்தச் சாம்பலைச் சேண்ட் பேப்பர் போட்டு எடுக்கத் தோன்றும். அது ஆழமாக ஊறியது. வெள்ளை மரம் வருமுன் பலகை மெலிந்துவிடும். நிறம் இருந்துவிட்டுப் போகட்டும், இனிமேல் ஊறாமல் மூடுவோம்.

இன்னொன்று. கிட்டார் பழைய மார்ட்டினோ கிப்சனோ என்று லேபல் சொன்னால், துடைப்பதோடு நிறுத்துங்கள். மூலப் பூச்சோடு இருந்தால்தான் அதற்கு விலை.

மற்றதற்கு நான் எடுப்பது அரக்குதான். மாத்தளைக்குப் பக்கத்தில் ஹப்புவிட ஊரில் அரக்கை நகத்தால் இழுத்துத் தடியிலும் பெட்டியிலும் கோலம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அரக்குப் பூச்சியின் பிசினைச் சுத்தம் செய்து சருகு சருகாக விற்பதைத்தான் நாங்கள் ஸ்பிரிட்டில் கரைத்து பாலிஷ் என்கிறோம். கிட்டாருக்கு அது நல்லது என்று நான் சொல்ல மூன்று காரணம். பொலி, நைட்ரோ, வெறும் மரம், எதன் மேலும் ஒட்டும். மிக மெல்லியதாகப் பூசலாம். பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிட் தொட்டு எடுத்துவிடலாம். வார்னிஷ் அடித்தால் எடுக்க முடியாது.

100 மில்லிலீற்றர் மெதிலேட்டட் ஸ்பிரிட்டுக்கு 10 முதல் 12 கிராம் அரக்குச் சருகு. மேசைக்கு நாங்கள் இதைவிடத் தடிப்பாகக் கலக்குவோம், கிட்டாருக்கு இந்த மெலிவு வேண்டும். கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி, அடிக்கடி குலுக்கி, ஓர் இரவு விட்டால் கரையும். பழைய நைலோன் காலுறையில் வடிகட்டுங்கள். பார்மசியில் விற்கும் கை துடைக்கும் ஸ்பிரிட் இதற்கு உதவாது. 70 சதவீதம் என்று போட்டிருந்தால் மிச்சம் தண்ணீர். பூச்சு பால் நிறமாகும். கரைத்த அரக்கை வருஷக்கணக்கில் வைத்தால் காயும் குணம் போய்விடும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

நாள் பார்க்க வேண்டும். நல்ல நாள் இல்லை, காய்ந்த நாள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிரில் ஈரம் படிந்து பூச்சு வெளுத்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை. அப்போது நான் அரக்குப் போத்தலைத் திறப்பதே இல்லை. ஜனவரி முடிந்து மார்ச் வரை எங்களுக்கு நல்ல காலம். பண்டாரவளை, பதுளைக்காரர்களுக்கு மாறி வரும். எங்களுக்கு மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே காய்ந்த காற்று அடிக்கும். எந்த ஊராக இருந்தாலும் காலை பத்து மணிக்கு மேல், மூடுபனி இறங்குமுன் முடித்துவிடுங்கள்.

பஞ்சு பிடிப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லாம் அதில்தான் இருக்கிறது. பல தடவை துவைத்து நூல் தளர்ந்த வெள்ளைப் பருத்தித் துணி, கைலேஞ்சி அளவு. நடுவில் நெல்லிக்காய் அளவு பஞ்சு. பஞ்சில் அரக்கை ஊற்றி, துணியால் மூடி, முறுக்கிப் பிடித்தால் அடியில் ஒரு சுருக்கமும் இருக்கக் கூடாது. சுருக்கம் இருந்தால் கோடு விழும். ஒரு வெள்ளைக் கடதாசியில் அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரிய வேண்டும், சொட்டுத் தேங்கக் கூடாது.

இப்போது வெறும் மரத்தின் மேல் இழை ஓடும் பக்கமாக ஒரே இழுப்பு. விமானம் இறங்கி ஓடி ஏறுவது போல, கை ஓடிக்கொண்டே வந்து தொட்டு, ஓடிக்கொண்டே விலக வேண்டும். நடுவில் நிறுத்தினால் பஞ்சு அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கீழே உள்ளதையும் பிய்த்துக்கொண்டு வரும். போன இடத்தில் உடனே திரும்பப் போகாதீர்கள். முதல் பூச்சை மரம் குடித்துவிடும். இழைகள் எழுந்து கைக்குச் சொரசொரக்கும். ஒரு மணித்தியாலம் விட்டு, 400 இலக்கச் சேண்ட் பேப்பரால் பாரம் கொடுக்காமல் ஒரு தடவு. தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு இரண்டாவது. பிறகு மூன்றாவது. கடைசிப் பூச்சில் மட்டும் பஞ்சைப் பழைய பூச்சின் ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் தாண்டி ஓட்டுங்கள், விளிம்பு கலந்துவிடும். பழைய பூச்சும் அரக்காக இருந்தால் அங்கே இன்னும் வேகமாக, இன்னும் உலர்ந்த பஞ்சோடு போங்கள், பழசும் இளகும்.

மூன்றோடு நிறுத்துங்கள். இன்னொன்று போட்டால் அழகாக இருக்குமே என்று கை துடிக்கும், எனக்கே துடிக்கும். மறுநாள் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உருண்டு நின்றால் மரம் மூடியாயிற்று. ஒரு வாரம் வாசிக்காமல் வையுங்கள், அரக்கு முழுசாக இறுகட்டும். பிக் ஓயாமல் உரசும் இடத்தில் அரக்கு மறுபடி தேயத்தான் செய்யும். அடுத்த காய்ந்த காலத்தில் இன்னொரு இழுப்பு போட்டால் சரி.

பூச்சு வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு நாள் காய்ந்த அறையில் வைத்தால் பல நேரம் தானாகப் போகும். போகவில்லை என்றால் கிட்டத்தட்டக் காய்ந்த பஞ்சில் ஸ்பிரிட்டைக் காட்டி ஒரே ஒரு இழுப்பு.

பொலி கிட்டாரில் சில்லுப் பெயர்ந்த பள்ளம் கண்ணை உறுத்தினால் சுப்பர் குளூ. வெறும் ஸ்புரூஸில் நேரே விட்டால் மரம் அதை உறிஞ்சிக் கறுத்த கறையாகும், அதனால் முதலில் அரக்கு ஒரு தொடு. பிறகு குளூ ஒரு சொட்டு, காய்ந்ததும் இன்னொரு சொட்டு, பள்ளம் கொஞ்சம் மேடாகும் வரை. ஒரு சவர பிளேடின் இரண்டு முனைகளிலும் செலோடேப் ஒட்டி, நடுப்பகுதி மட்டும் மேட்டில் படும்படி சுரண்டுங்கள். டேப்பின் கனம் பக்கத்துப் பூச்சைக் காப்பாற்றும். 1000, 2000 இலக்கப் பேப்பர், கடைசியில் கட்டிங் பாலிஷ். முடிந்தது.

விரல் வைத்துக் கம்பியை அழுத்தும் ஃபிரெட் போர்டுக்கு இங்கே எல்லோரும் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். பூசாதீர்கள். அது காயாது, காறிப்போய் நாறும், அழுக்கைப் பிடித்து வைக்கும். ரோஸ்வுட், எபனி என்றால் கம்பி மாற்றும்போது நாப்தாவால் துடைத்து, மினரல் எண்ணெய் இரண்டு சொட்டு தடவி, பத்து நிமிடத்தில் முழுசாகத் துடைத்து எடுத்தால் வருஷத்துக்குப் போதும்.

வைக்கும் இடம்தான் பாதி வைத்தியம். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதன் நல்லது என்பார்கள். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மழைக்காலத்தில் அது நடக்காத காரியம். 65க்குக் கீழே வைத்தாலே நான் சந்தோஷப்படுவேன். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், லயத்துச் சுவர் ஈரம் குடித்து நிற்கும். தகரக் கூரைக்கு நேர் கீழேயும் வேண்டாம், விடியற்காலையில் தகரத்தில் வேர்க்கும் தண்ணீர் சொட்டும். மரத் தடுப்போ அலுமாரியோ நல்லது. அலுமாரிக்கு அடியில் பழைய மாதிரிச் சூடாகும் சின்ன பல்ப் ஒன்றைத் துணியும் மரமும் படாமல் எரியவிட்டால் போதும். 16 பாகையில் 85 சதவீதமாக இருக்கும் காற்று 21 பாகைக்குச் சூடானால் 62 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எல்ஈடி பல்ப் சூடு தராது. சின்ன ஈரப்பதன் மானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள், 45க்குக் கீழே போனால் அணைத்துவிடுங்கள்.

கேஸில், அதாவது கிட்டார்ப் பெட்டியில், வைக்கிறவர்கள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து முடித்தது. கேக் சுடும் அவனில் 110 பாகையில் காயவைத்தால் திரும்ப வேலை செய்யும், சமையல் தட்டில் மட்டும் வேண்டாம். அரிசி போடுகிறவர்கள் உண்டு. அரிசிக்கு வண்டு வரும், கிட்டாருக்கு ஒரு பலனும் இல்லை. கேஸின் உள்துணியில் பூஞ்சை மணம் வந்தால் கிட்டாரை வெளியே எடுத்துவிட்டு, கேஸை மட்டும் ஒரு பகல் வெயிலில் திறந்து போடுங்கள். கிட்டாரை வெயிலில் வைக்காதீர்கள்.

நைட்ரோ, அரக்கு இரண்டிலும் ரப்பரையும் றெக்சினையும் சாய்த்து வைக்கக் கூடாது. றெக்சின் பட்டியைக் கழற்றாமல் விட்டால் அதில் இருக்கும் சாமான் பூச்சுக்குள் ஊறி, பட்டியின் படமே பதிந்துவிடும். ஸ்டாண்டின் ரப்பரில் பருத்தித் துணி சுற்றுங்கள்.

டிசம்பரில் லயம் லயமாகக் கேரல் போய்விட்டு வந்தால், பனி படிந்த கிட்டாரை அப்படியே கேஸில் போட்டு மூடாதீர்கள். அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். குளிரில் இருந்து சட்டென்று சூட்டுக்குப் போனால் நைட்ரோ வெடிக்கும். துணியால் ஒற்றி, அறையில் சும்மா சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்து பிறகு மூடுங்கள்.

பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கியிருந்தால், முகப்பலகை கீறியிருந்தால், பிக்கார்ட் சுருங்கிப் பலகையைப் பிடித்து இழுத்தால், பூச்சை விட்டுவிட்டு முதலில் கிட்டார் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொண்டுபோகும்போது கம்பியைக் கழற்றிவிடாமல் கொஞ்சம் தளர்த்தி மட்டும் கொண்டுபோங்கள். அவர் அங்கே சுதி ஏற்றிப் பார்த்தால்தான் பலகை எங்கே வளைகிறது என்று தெரியும்.